லண்டன்காரர்கள் பயப்படாமலா இருந்தார்கள்?

மலேசியாவின் பந்திங்கில், கோவில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். படிவம் நான்கு மாணவி ஒருத்தி நின்று கேட்டாள். "சார், ரெண்டாம் உலகப் போர்ல லண்டன்ல ராத்திரி ராத்திரி குண்டு போட்டாங்களாம். ஆனா ஜனங்க பயப்படாம மறுநாள் வேலைக்குப் போயிட்டாங்களாம். 'அமைதியா இரு, வேலையப் பாரு'ன்னு மக்ல எல்லாம் போட்டு விக்கிறாங்களே, நெசமா சார்?" பதில் சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய அப்பா வெளியே மோட்டாரில் ஹாரன் அடித்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால் எழுதியே கொடுக்கிறேன்.

முதலில் அந்த மக்கை உடைத்துவிடுவோம். அந்த வாசகத்தைப் பிரிட்டிஷ் அரசாங்கம் 1939-இல் சுவரொட்டியாக அச்சடித்தது உண்மை. இருபது லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். ஆனால் பெரிய ஆபத்து வரும்போது ஒட்டலாம் என்று கட்டிக் கட்டி வைத்திருந்து, கடைசிவரை அநேகமாக ஒட்டவே இல்லை. பெரும்பகுதி பழைய காகிதமாகக் கூழாக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய புத்தகக் கடைக்காரர், ஏலத்தில் வாங்கிய பெட்டியின் அடியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்துக் கடையில் மாட்டினார். மக்கும் சட்டையும் அதற்குப் பிறகு வந்த வியாபாரம். குண்டுக்கு அடியில் வாழ்ந்த லண்டன்காரர்களில் பெரும்பாலோர் அந்த வாசகத்தைக் கண்ணால் கண்டதே இல்லை.

பயந்தார்களா என்றால், நன்றாகவே பயந்தார்கள். 1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை. நல்ல வெயில் அடித்த பிற்பகல். ஜெர்மன் விமானங்கள் தேம்ஸ் ஆற்றுக் கப்பல்துறையைக் குறிவைத்து வந்தன. துறையை ஒட்டி இருந்தது கிழக்கு லண்டன். கப்பல்துறைக் கூலிகளும் தையல் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அன்று மட்டும் சுமார் 430 பேர் செத்தார்கள். கிடங்குகள் எரிந்ததைத் தீயணைப்புக்காரர்கள் பிற்பாடு விவரித்திருக்கிறார்கள். மிளகுக் கிடங்கு எரிந்தபோது மூச்சை இழுத்தால் நெருப்பை இழுத்த மாதிரி இருந்ததாம். சர்க்கரை உருகித் தண்ணீர் மேல் மிதந்து எரிந்ததாம். தேயிலை எரிந்த வாசனை தித்திப்பாகக் குமட்டியதாம். ரப்பர் எரிந்த இடத்தில் கரும்புகை அடைத்து, பக்கத்திலேயே போக முடியவில்லையாம். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கடைசி வாசனையை யாரும் விளக்கத் தேவையில்லை. மிளகு, தேயிலை, ரப்பர் என்று எரிந்ததெல்லாம் யார் யார் முதுகு வளைந்து விளைந்த சரக்கு என்றும் யோசித்துப் பார்.

அன்றிலிருந்து தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மேல் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு விட்டுவிட்டு 1941 மே 10 வரை. அந்த எட்டு மாதத்தில் பிரிட்டனில் இறந்த பொதுமக்கள் சுமார் 43,000 பேர். ஏறக்குறைய பாதிப்பேர் லண்டன்காரர்கள்.

அப்படியானால் வேலைக்கு எப்படிப் போனார்கள்? இதில் வீரத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது: குண்டு பெரும்பாலும் இரவில்தான் விழுந்தது. பகலில் வந்த விமானங்களை பிரிட்டிஷ் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தியதால், ஜெர்மன்காரர்கள் கொஞ்ச நாளில் இரவுக்கு மாறிக்கொண்டார்கள். ஆக, பகல் மனிதருடையது, இரவு குண்டுக்காரனுடையது என்று ஒரு கணக்கு ஏற்பட்டது. இருட்டும் நேரத்தில் அபாயச் சங்கு ஏறி இறங்கி ஓலமிடும். விடியும் முன் ஒரே சீராக ஊதி ஆபத்து நீங்கியது என்று சொல்லும். வெளியே வந்து வீடு இருக்கிறதா என்று பார்த்து, முகம் கழுவி, கண்ணாடிச் சில்லைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் போவார்கள். போகாவிட்டால் அந்த வாரச் சம்பளம் இல்லை. மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் காசு இல்லை என்று வளர்ந்தவர்களுக்கு இதை இதற்கு மேல் விளக்க வேண்டாம். பசியை வீரம் என்று எழுதிவிடுவது சுலபம்.

பகலிலும் சங்கு ஊதியதுண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் தொழிற்சாலையே எழுந்து ஓடியது, வேலை நாறிப்போனது. பிறகு கூரையில் ஆளைக் காவல் வைத்தார்கள். விமானம் நம் தலைக்கு நேரே வருகிறது என்று அவன் மணி அடித்தால் மட்டும் எழுந்தால் போதும். கடைகளும் அலுவலகங்களும் இப்படித்தான் ஓடின.

அந்த வாழ்க்கையில் உண்மையான பஞ்சம் தூக்கம்தான். பட்டறையில் நின்றபடி தூங்கினார்கள், பேருந்தில் தூங்கினார்கள். எங்கே படுப்பது என்பது தினமும் மத்தியானமே தொடங்கிவிடும் கவலை.

தோட்டம் உள்ள வீடுகளுக்கு அரசாங்கம் ஒரு தகரக் கூடாரம் கொடுத்தது. ஆண்டர்சன் கூடாரம் என்று பெயர். ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். வளைந்த நெளிதகரத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டி, நாலடிக் குழிக்குள் இறக்கி, மேலே ஓரடிக்கு மேல் மண் போட வேண்டும். உள்ளே நீளம் ஆறரை அடி, அகலம் நாலரை அடி. நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் பின்புறம் இருந்த கோழிக் கூண்டு இதைவிடப் பெரிதாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பாய். அதற்குள் ஆறு பேர் வரை உட்கார வேண்டும். குழி என்பதால் மழை பெய்தால் தண்ணீர் ஊறும். வாளியில் மொண்டு ஊற்றிவிட்டுத்தான் படுக்கை விரிப்பார்கள். மேலே போட்ட மண்ணை வீணாக்காமல் கீரையும் காயும் நட்டார்கள். குண்டு நேராக மேலே விழுந்தால் அது காப்பாற்றாது. பக்கத்தில் விழுந்தால் காப்பாற்றியது, அப்படிப் பிழைத்தவர்கள் ஏராளம். தோட்டமே இல்லாத வீட்டுக்கு 1941-இல் மோரிசன் கூடாரம் வந்தது. பெயர்தான் கூடாரம், பார்த்தால் இரும்பு மேசை. பகலில் அதன் மேல் சாப்பாடு, இரவில் அதன் அடியில் கம்பி வலைக்குள் தூக்கம்.

சுரங்க ரயில் நிலையத்தில் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும் படத்தைப் பாடநூலில் பார்த்திருப்பாய். லண்டனே அங்கேதான் தூங்கியது போல ஒரு தோற்றம் கொடுக்கும் படம் அது. 1940 நவம்பரில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சுரங்க நிலையங்களில் படுத்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். பொதுப் பதுங்குமிடங்களில் 9 பேர். வீட்டுக் கூடாரங்களில் 27 பேர். மிச்சம் பாதிக்கு மேல் தங்கள் வீட்டிலேயே, மாடிப்படிக்கு அடியிலோ கட்டிலிலோ, வருவது வரட்டும் என்று படுத்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்தச் சுரங்க நிலையக் கதை முக்கியமானது. ஏனென்றால் அரசாங்கம் அதைத் திறந்துவிடவில்லை, மக்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். கீழே போனால் ஜனங்கள் மேலே வரமாட்டார்கள், வேலை கெடும், ரயில் நிற்கும் என்று அதிகாரிகள் தடுத்துப் பார்த்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மிகக் குறைந்த விலையில் ஒரு டிக்கெட் வாங்கிக் கீழே இறங்கி, மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவனை எந்தச் சட்டத்தில் விரட்டுவது? செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு 1,77,000 பேர் கீழே இருந்தார்கள். வேறு வழியில்லாமல் அரசாங்கம் இறங்கி வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒழுங்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடைமேடையில் வெள்ளைக் கோடு இரண்டு. முதல் கோடு தண்டவாள ஓரத்திலிருந்து எட்டடி, இரண்டாவது நாலடி. மாலை ஏழரை மணி வரை படுக்கிறவர்கள் எட்டடிக் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், வேலை விட்டு வருகிற பயணிகளுக்கு வழி வேண்டுமே. ஏழரைக்கு மேல் நாலடிக் கோடு வரை நகரலாம். பத்தரைக்கு ரயில் ஓட்டம் நின்றதும் முழு மேடையும் படுக்கைக்காரர்களுடையது. வேலை முடிந்து வருகிறவர் தூங்குகிற பிள்ளைகளின் காலை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வீட்டுக்குப் போவார். போகப் போக அடுக்குக் கட்டில்கள் வந்தன, கட்டிலுக்குச் சீட்டு வந்தது, ஒரு தனி ரயிலில் தேநீரும் பன்னும் வந்தன. கழிப்பறை மட்டும் வெகுநாள் வாளிதான். கொசுக்கடி தாங்கவில்லை. மத்தியானமே துணியைப் போட்டு இடம் பிடித்து, பிறகு அதை விற்றுக் காசு பார்த்த பயல்களும் இருந்தார்கள். இடிந்த வீட்டில் புகுந்து திருடியவர்களும் இருந்தார்கள். எல்லா ஊரும் ஊர்தான்.

கீழே போனால் ஆபத்தே இல்லை என்பதும் பொய். 1940 அக்டோபரில் பாலம் (Balham) என்ற சுரங்க நிலையத்துக்கு மேலே தெருவில் குண்டு விழுந்து, குழாய் உடைந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே பாய்ந்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதைவிடக் கொடுமை, 1943 மார்ச் 3 அன்று பெத்னல் கிரீன் நிலையத்தில் நடந்தது. அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. மழை ஈரம், இருட்டு, படிக்கட்டில் மங்கலான ஒரே ஒரு விளக்கு. பக்கத்துப் பூங்காவில் விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளை ஏவிய சத்தம் புதிதாகக் கேட்டதில் கூட்டம் உள்ளே நெருக்கியது. படியில் ஒரு பெண் தடுக்கி விழ, ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து 173 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அந்த நுழைவாயிலைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்று உள்ளூர் நகராட்சி முன்பே கேட்டிருந்தது, மேலிடம் மறுத்திருந்தது. போர் முடியும் வரை விவரம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அரசாங்கம் எதற்குத் தயாராக இருந்தது, எது வந்தது என்பதையும் கவனி. அவர்கள் எதிர்பார்த்தது விஷவாயு. 1938-லேயே 3 கோடியே 80 லட்சம் முகமூடிகள் விநியோகமாகிவிட்டன. மெல்லிய கறுப்பு ரப்பர், கண்ணுக்கு ஒரு கண்ணாடித் தாள், மூக்குக்கு நேரே ஒரு தகர டப்பா. அட்டைப் பெட்டியில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே திரிய வேண்டும். ரப்பர் நாற்றத்தில் குழந்தைகள் வாந்தி எடுத்தன. பெரிய பிள்ளைகளோ உள்ளேயிருந்து ஊதினால் கன்னத்தோரம் அசிங்கமான சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்து வகுப்பையே சிரிக்க வைத்தன. அந்தக் காலத்தில் உலகத்துக்கே அதிக ரப்பர் கொடுத்த நாடு மலாயா. இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு போய் நம் பாட்டிமார் மங்கு மங்காகச் சேர்த்த பால், லண்டன் பிள்ளையின் முகத்தில் போய் ஒட்டியிருந்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. கடைசியில் விஷவாயு வரவே இல்லை.

வந்தது வேறு. வீடு போனவர்கள். முதல் ஆறு வாரத்திலேயே இரண்டரை லட்சம் பேர் வீடு இழந்தார்கள். செத்தவர்களை எங்கே புதைப்பது என்று திட்டம் போட்டிருந்தவர்கள், உயிரோடு தெருவில் நிற்கிறவர்களை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் ஒதுக்கி, பிச்சைக்காரர் நிவாரணச் சட்டத்தின் கணக்கில் ரொட்டியும் தேநீரும் டப்பா இறைச்சியும் கொடுத்தார்கள். கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படித் தங்கியவர்கள், ஏற்றிப்போக வருகிறது என்று சொன்ன பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். பேருந்து வரவில்லை. செப்டம்பர் 10 அதிகாலையில் குண்டு வந்தது. அரசாங்கக் கணக்கில் 77 பேர். பல நூறு என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பணக்காரன் நிலை வேறு. சவோய் ஹோட்டலின் நிலவறையில் மெத்தையும் பரிமாற ஆளும் இருந்தன. செப்டம்பர் நடுவில் பில் பிராட்டின் என்ற கம்யூனிஸ்ட் கவுன்சிலர், கிழக்கு லண்டன் குடும்பங்களை அழைத்துக்கொண்டு ஓர் இரவு நேராக அங்கே புகுந்துவிட்டார். விரட்ட முடியாமல் தேநீர் கொடுத்து உபசரிக்க வேண்டியதாயிற்று. அரண்மனை மேலும் குண்டு விழுந்தது, அதை அரசாங்கம் நன்றாகவே விளம்பரப்படுத்திக்கொண்டது.

சாப்பாட்டைப் பற்றி நீண்டு சொல்ல மாட்டேன். பங்கீட்டு அட்டை 1940 ஜனவரியில் வந்தது. தேயிலைக்கு அதே ஆண்டு ஜூலையில், ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். ரொட்டிக்குப் போர்க்காலம் முழுதும் பங்கீடு இல்லை. இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்தவரின் கையில் முதலில் கொடுப்பது தேநீர்தான். அந்தத் தேயிலையில் இலங்கை மலைநாட்டில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்தும் இருந்திருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு நேராக வருகிறேன். லண்டன் நிலைகுலையாமல் இருந்ததற்கு நெஞ்சுரம் ஒரு காரணம்தான். ஆனால் நான் அதிக மதிப்பெண் போடுவது தெரு வார்டனுக்கு. சில தெருக்களுக்கு ஒருவர், பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்க்கிற, சம்பளமில்லாத ஆள். பெண்களும் இருந்தார்கள். தன் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை பேர், இரவில் எந்த அறையில், எந்த மூலையில் படுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடு சரிந்தால் மீட்புக்காரர் எங்கே தோண்டுவது என்று அவரைத்தான் கேட்பார்கள். "பின்னறையில் கிழவி, படிக்கட்டுக்கு அடியில் தாயும் இரண்டு பிள்ளைகளும்" என்று அவர் சொல்லும் ஒரு வரியில் உயிர் மிஞ்சும். செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் அப்படி வார்டனாக இருந்தவர்களில் ஒருவர் வி. கே. கிருஷ்ண மேனன், பிற்பாடு இந்தியாவின் தற்காப்பு அமைச்சர் ஆனவர். உன் பெயரும் நீ படுக்கும் மூலையும் ஒருவருக்குத் தெரியும் என்பது ஒரு பெரிய தெம்பு.

அந்தத் தெம்பு நம் பக்கம் இருந்ததா? அதே 1941-இல், இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போரால் ரப்பருக்குக் கிராக்கி, கூலியோ நாளுக்கு அரை வெள்ளியைச் சுற்றி. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கிற சம்பளம் எங்களுக்கும் வேண்டும், வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதனை மே மாதம் பிடித்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கிச் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். லண்டனில் அந்த எட்டு மாதக் குண்டுவீச்சின் கடைசிப் பெருந்தாக்குதல் நடந்ததும் அந்த மே மாதம்தான்.

ஏழு மாதம் கழித்து டிசம்பர் 8 விடியும் முன் சிங்கப்பூரில் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது தெருவிளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அணைக்க ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 61 பேர் இறந்தார்கள். டிசம்பர் 11-இல் பினாங்கு. விமானத்தை வேடிக்கை பார்க்க ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள், ஓடி ஒளியப் போதிய இடமும் இல்லை, திருப்பிச் சுட பீரங்கியும் இல்லை. நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். சில நாளில் வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். மிஞ்சிய ஊரைப் பொறுப்பேற்றது உள்ளூர்க் குழு. அதன் தலைவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவர். கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி, இந்த ஊரில் இப்போது படையே இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவர் அவர்தான். குண்டுக்கு அடியில் மக்களைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்பதற்குக் கூடாரமும் முகமூடியும் மட்டுமா பதில்?

எங்கள் தோட்டத்தில் சங்கு கிடையாது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு, அடிக்கிற தண்டவாளத் துண்டைத்தான் விமானச் சத்தம் கேட்டாலும் அடித்தார்கள் என்று என் பாட்டி சொல்வார். அதனால் முதல் நாள் பாதிப் பேர் குழிக்கு ஓடாமல், பழக்க தோஷத்தில் வாளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போய் வரிசையில் நின்றார்களாம். யார் யார் எந்த லயத்தில் என்று எழுதியிருந்த ஒரே புத்தகம், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் செக்ரோல் என்ற ஆள்பதிவேடு. துரை போன மறுவாரம் கிராணியும் போய்விட்டார், புத்தகம் மட்டும் ஆபீசில் கிடந்தது. தாள் நல்ல தாள் என்பதால் ஜப்பான்காரன் காலம் முழுக்க அதைக் கிழித்துத்தான் தாத்தா புகையிலை சுற்றினாராம்.